சான் பிரான்சிஸ்கோவின் கலையிடங்கள்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காகவோ படிப்புக்காகவோ சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே போன்ற ஊர்களில்தான் குடியேறுகின்றன. நகரத்துக்குள் போவது என்பது கோல்டன் கேட் பாலத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது, வளைந்து வளைந்து இறங்கும் லொம்பார்ட் தெருவைப் பார்ப்பது, படகுத்துறையில் கடல்சிங்கங்கள் கத்துவதைக் கேட்பது ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. பிறகு ஊரிலிருந்து பெற்றோர் வரும்போது அதே மூன்றையும் மறுபடி சுற்றிக் காட்டுகிறோம். இந்தச் சுற்றிலிருந்து விலகி, நகரத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் அருங்காட்சியகங்களையும் நான்கைந்து சனி, ஞாயிறுகளில் நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்காகவே இதை எழுதுகிறேன்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் மூன்று ஆண்டுகளை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 1906 ஏப்ரல் 18 அன்று ஏற்பட்ட நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து நாள்கணக்கில் எரிந்த தீயும் நகரத்தின் பெரும்பகுதியை அழித்தன. 1915-இல், பனாமா கால்வாய் திறக்கப்பட்டதைக் கொண்டாடும் சாக்கில், தான் மீண்டும் எழுந்துவிட்டதை உலகத்துக்குக் காட்ட நகரம் ஒரு மாபெரும் பொருட்காட்சியை நடத்தியது. 1934-இல், பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, வேலையிழந்த ஓவியர்களுக்கு அரசே கூலி கொடுத்துச் சுவர்களில் வரையச் செய்தது. இந்த நகரத்தில் நீங்கள் பார்க்கப்போகும் பழைய கட்டடங்களிலும் சுவரோவியங்களிலும் கணிசமானவை இந்த மூன்று ஆண்டுகளில் ஏதேனும் ஒன்றோடு முடிச்சுப் போடப்பட்டவை என்பதால், முன் நிற்கும் பொருளின் ஆண்டைப் பார்த்தவுடனேயே பாதிக் கதை விளங்கிவிடும்.

முதலில் நாளும் சீட்டும்

முதல் வேலை, எந்த அருங்காட்சியகம் என்று முடிவு செய்வதற்கு முன் எந்த நாள் என்று முடிவு செய்வது. கோல்டன் கேட் பூங்காவில் உள்ள டி யங் அருங்காட்சியகமும் லிங்கன் பூங்காவில் உள்ள லீஜன் ஆஃப் ஹானரும் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாயும் புதனும் விடுமுறை. எஸ்.எஃப். மோமா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் நவீனக் கலை அருங்காட்சியகம் புதன்கிழமை திறப்பதில்லை. இவற்றைப் பார்க்காமல், ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரை விடுப்பு எடுத்து அழைத்துச் சென்று, பூட்டிய கதவின் முன் பத்து நிமிடம் நின்று திரும்பியவன் நான். நேரங்கள் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு அந்தந்த இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பணம். பெரியவர்களுக்கான நுழைவுச்சீட்டு ஆசியக் கலை அருங்காட்சியகத்திலும் டி யங்கிலும் சுமார் 20 டாலர், மோமாவில் சுமார் 30 டாலர். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது கையைக் கடிக்கும் தொகைதான், ஆனால் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. ஆசியக் கலை அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று எல்லோருக்கும் இலவசம். டி யங்கும் லீஜன் ஆஃப் ஹானரும் மாதத்தின் முதல் செவ்வாய் எல்லோருக்கும், விரிகுடாப் பகுதியின் ஒன்பது மாவட்டங்களில் குடியிருப்போருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும், நிரந்தரத் தொகுப்பைக் கட்டணமின்றிக் காட்டுகின்றன. முகவரி உள்ள அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். மோமாவில் 18 வயது வரையும், டி யங்கில் 17 வயது வரையும் உள்ளவர்களுக்கு எந்த நாளும் சீட்டு வேண்டியதில்லை. சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டு. முதல் முறை போகிறவர்களுக்கு அவை தேவையே இல்லை என்பது என் கருத்து, ஏனெனில் நிரந்தரத் தொகுப்பிலேயே ஒரு நாளுக்கு மேல் சரக்கு இருக்கிறது.

புதிதாக வந்தவர்கள் பலர் அறியாத வழி ஒன்று பொது நூலகம். வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ, கூடவே கடவுச்சீட்டும் காட்டினால் உங்கள் ஊர் நூலகத்தில் இலவசமாக உறுப்பினர் அட்டை கிடைக்கும். விரிகுடாப் பகுதியின் பல நூலகங்கள் 'டிஸ்கவர் அண்ட் கோ' என்ற திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. அந்த அட்டை எண்ணைக் கொண்டு இணையத்தில் நாள் குறித்துக்கொண்டால், அருங்காட்சியகங்களுக்கான இலவசச் சீட்டோ சலுகைச் சீட்டோ தருவார்கள். நல்ல இடங்களின் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடுமாகையால் சில வாரங்கள் முன்பே பதிவு செய்வது உசிதம்.

போவது எப்படி, எதை உடுத்துவது

காரை எடுத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான ஆலோசனை. நகரத்தின் நடுவில் வண்டி நிறுத்தும் கட்டணம் சில நாட்களில் அருங்காட்சியகச் சீட்டையே மிஞ்சிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, நிறுத்திய கார்களின் கண்ணாடியை உடைத்துத் திருடுவது. ஒருமுறை எங்கள் காரின் பக்கக் கண்ணாடியை உடைத்து ஒரு பையை எடுத்துப் போய்விட்டார்கள். பையில் இருந்தது குழந்தையின் மாற்றுத் துணியும் ஒரு டப்பா தயிர்சாதமும். கார்தான் வேண்டும் என்றால், ஒரு சார்ஜர் ஒயர்கூட வெளியிலிருந்து கண்ணில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பொருட்களைப் பின்பெட்டியில் வைப்பதாக இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள், நிறுத்தும் இடத்தில் இறங்கி எல்லோரும் பார்க்கப் பின்பெட்டியைத் திறக்காதீர்கள்.

ஃப்ரீமான்ட் பக்கத்தில் இருப்பவர்களுக்கு பார்ட் ரயிலும், சன்னிவேல், மவுன்டன் வியூ பக்கத்தில் இருப்பவர்களுக்கு கால்ட்ரெயினும் வசதி. கால்ட்ரெயின் முடியும் இடத்தின் எதிரிலேயே நகரப் போக்குவரத்தான முனியின் 'என்' தடத் தெருரயில் கிடைக்கும். அது நகர மண்டபம் இருக்கும் சிவிக் சென்டர் வழியாகக் கோல்டன் கேட் பூங்காவின் தென்விளிம்பு வரை போகிறது. கிளிப்பர் என்ற ஒரே அட்டை பார்ட், கால்ட்ரெயின், முனி எல்லாவற்றிலும் செல்லும். முனியில் ஒருமுறை அட்டையைத் தொட்டால் இரண்டு மணி நேரத்துக்கு வேறு பேருந்துகளுக்கு மாறிக்கொள்ளலாம், 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பேருந்திலும் தெருரயிலிலும் கட்டணமே இல்லை. இரும்புக் கயிற்றால் இழுக்கப்படும் பழைய தெருவண்டியான கேபிள் கார் மட்டும் தனி. அதன் கட்டணம் பேருந்துக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சான் ஹோசேயில் வெயில் கொளுத்தும் ஜூலை மாதத்து மதியத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மேற்குப் பக்கம் மூடுபனியில் நடுங்கிக்கொண்டிருக்கும். உள்நாட்டு வெப்பம் காற்றை மேலெழச் செய்ய, குளிர்ந்த கடலின் பனி விரிகுடாவின் வாய் வழியாக உள்ளே இழுக்கப்படுவதுதான் காரணம். கோடையிலும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் இருக்கட்டும். மேட்டுத் தெருக்களில் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் காலுக்கு இதமான, வழுக்காத காலணி அவசியம்.

முதல் நாள்: சிவிக் சென்டர்

ஒரு நாளுக்கு ஒரு வட்டாரம் என்ற கணக்கில் பார்ப்பதே சரி. தொடக்கத்தைச் சிவிக் சென்டரில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தவுடன் வீடற்றோரும் போதைக்கு அடிமையானோரும் நடைபாதையில் கிடப்பதைக் காண நேரும், புதியவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருக்கும். பெரும்பாலும் அவர்கள் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. கைபேசியை உள்ளே வைத்துவிட்டு, நின்று பார்க்காமல், அவர்களைப் படமும் எடுக்காமல், நகர மண்டபத்தை நோக்கி நடந்துவிடுங்கள்.

ஆசியக் கலை அருங்காட்சியகம் நகரத்தின் பழைய மைய நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. பாரிஸில் ஒரு ரயில் நிலையத்தை ஓர்சே அருங்காட்சியகமாக மாற்றிய இத்தாலியக் கட்டடக் கலைஞர் கே அவுலென்தியே இந்த நூலகத்தையும் மாற்றியமைத்தார், 2003-இல் திறக்கப்பட்டது. தொகுப்பில் உள்ள பொருட்கள் 18,000-க்கும் மேல். இதன் அடித்தளம், சிகாகோ தொழிலதிபரும் 1952 முதல் 1972 வரை உலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தவருமான ஏவரி பிரண்டேஜ் சேர்த்துக் கொடுத்தது.

உள்ளே நுழைந்ததும் நகரும் படிக்கட்டில் மூன்றாம் தளத்துக்கு ஏறிவிட்டு அங்கிருந்து கீழே இறங்கி வருவதே முறை. முதலில் வருவது தெற்காசியா, அதில் தமிழகத்துச் செப்புத் திருமேனிகளும் உண்டு. இந்த அறையில் நமக்கு ஒரு தனி அனுகூலம் இருக்கிறது. மற்றவர்கள் விளக்க அட்டையைப் படித்துத் தெரிந்துகொள்வதை நாம் வீதியில் பார்த்து வளர்ந்திருக்கிறோம். பீடத்தின் பக்கங்களில் உள்ள துளைகளையோ வளையங்களையோ குனிந்து பாருங்கள். உற்சவ காலத்தில் தண்டைச் செருகிக் கட்டித் தோளில் தூக்கிச் செல்வதற்காகவே அவை வைக்கப்பட்டன. மூக்கு நுனியும் கன்னமும் மழுங்கி வழுவழுப்பாக இருந்தால், தலைமுறை தலைமுறையாக நடந்த அபிஷேகமும் துடைத்த கைகளும் அதற்குக் காரணமாக இருக்கலாம். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் இடையின் வளைவும் தோளின் திரட்சியும் இங்கே நாற்புறமும் தெரிகின்றன. அதே சமயம், ஒரு பூக்கூட இல்லாமல் மின்விளக்கின் கீழ் அம்பாள் நிற்பது மனத்தைச் சற்று உறுத்தவும் செய்கிறது. முதல் முறை வந்தபோது என் அம்மா அந்த அறையின் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று சிறிது நேரம் தயங்கி நின்றார்.

இந்த உறுத்தலை ஒதுக்கிவிட வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் அந்தப் பொருள் யாரிடமிருந்து, எந்த ஆண்டில் வந்தது என்ற குறிப்பு இருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள். தாய்லாந்துக் கோயில்களிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டவை என்று கோரப்பட்ட, கதவுநிலைகளின் மேல் பதிக்கும் இரண்டு செதுக்குக் கற்கள் இந்த அருங்காட்சியகத்திலிருந்து 2021-இல் அந்த நாட்டுக்குத் திரும்பிப் போயின.

அதன் பிறகு எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். சீனப் பிரிவில் இரண்டு பொருட்களை மட்டும் தேடிப் பிடியுங்கள். ஒன்று, கி.பி. 338 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட, பொன்முலாம் பூசிய சிறிய புத்தர். ஆண்டு பொறித்துக் கிடைத்திருக்கும் சீனப் புத்தர் சிலைகளில் இதுவே மிகப் பழையது. மற்றொன்று, ஷாங் காலத்தைச் சேர்ந்த, காண்டாமிருக வடிவில் வார்த்த வெண்கலப் பாத்திரம். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் குட்டைக்கால் விலங்கு குழந்தைகளுக்கு உடனே பிடித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் கண்ணும் காலும் ஒருசேரச் சோர்ந்துவிடும், அதற்குள் வெளியே வந்துவிடுவது நல்லது.

எதிரே தெரியும் நகர மண்டபம் 1915-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கும்மட்டம் வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் கும்மட்டத்தைவிட உயரமானது. வார நாட்களில் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பளிங்குப் படிக்கட்டில் நின்று அண்ணாந்து பார்க்கலாம், பெரும்பாலும் ஒரு கல்யாண ஜோடியும் புகைப்படக்காரரும் அந்தப் படியில் இருப்பார்கள். அதற்குப் பின்புறம், வான் நெஸ் அவென்யூவில், ஓபரா மாளிகையும் படைவீரர் நினைவுக் கட்டடமும் இரட்டைப் பிள்ளைகள்போல் நிற்கின்றன. ஐக்கிய நாடுகளின் சாசனம் 1945 ஜூன் 26 அன்று கையெழுத்தானது இந்தப் படைவீரர் கட்டடத்தின் அரங்கில்தான். இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தும் தனி உறுப்பினராகக் கையெழுத்திட்டது. இந்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்று வந்து அந்த மேசையில் கையெழுத்திட்டவர், நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார். இன்று ஹெர்ப்ஸ்ட் அரங்கம் என்று அழைக்கப்படும் அந்த மண்டபத்தின் சுவர்களில் உள்ள பெரிய ஓவியங்கள், பிராங்க் பிராங்வின் என்பவர் 1915 பொருட்காட்சிக்காக வரைந்தவை. கச்சேரியோ உரையோ நடக்கும் நாளில் சீட்டு வாங்கிப் போனால் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடலாம்.

இரண்டாம் நாள்: கோல்டன் கேட் பூங்கா

சனிக்கிழமை போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'என்' தடத் தெருரயிலில் ஒன்பதாம் அவென்யூவில் இறங்கி வடக்கே நடந்தால் பூங்காவுக்குள் நுழைந்துவிடலாம், நடக்க முடியாதவர்களுக்கு 44 ஆம் எண் பேருந்து டி யங்கின் வாசல் வரை வரும். இந்த அருங்காட்சியகத்தின் வேர் 1894-இல் இதே பூங்காவில் நடந்த பொருட்காட்சியில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் சுவிட்சர்லாந்தின் ஹெர்சோக், டி மியூரோன் இருவரும் வடிவமைத்து 2005-இல் திறக்கப்பட்டது. அதன் மேல் போர்த்தியிருப்பது செம்புத் தகடு. மர இலைகளின் ஊடே ஒளி விழுவதுபோல் தோன்ற வேண்டும் என்று தகடு முழுவதும் துளைகளும் குழிகளும் இட்டிருக்கிறார்கள். வீட்டில் புளி போட்டுத் துலக்காமல் விட்ட செப்புக்குடம் எப்படி நிறம் மாறுமோ அப்படியே இதுவும் கடற்காற்றில் மெல்ல மெல்லக் கறுத்துப் பச்சையேற வேண்டும் என்பதும் திட்டத்தின் பகுதி.

உள்ளே நுழைவதற்கு முன் வாசல் முற்றத்தின் தரையைப் பாருங்கள். சாலையோரத்தில் தொடங்கும் மெல்லிய விரிசல் ஒன்று கல்தளத்தின் வழியே ஓடி, உட்காருவதற்காகப் போட்டிருக்கும் பெரிய பாறைகளையும் இரண்டாகப் பிளந்துகொண்டு வாசல் வரை போகிறது. பலர் இதைக் கட்டட வேலையின் குறை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆண்டி கோல்ட்ஸ்வர்தி என்ற பிரிட்டிஷ் சிற்பி, நிலநடுக்கத்துக்குப் பேர்போன இந்த மண்ணை நினைத்து, வேண்டுமென்றே உண்டாக்கிய படைப்பு அது. குழந்தைகளை அந்த விரிசலின் மேல் ஒரு காலை அடுத்து ஒரு காலாக வைத்து நடந்து வரச் சொல்லுங்கள், அருங்காட்சியகத்துக்கு அதைவிட நல்ல நுழைவு கிடையாது. முறுக்கிக்கொண்டு எழும் கோபுரத்தின் உச்சித் தளத்துக்குச் சீட்டு இல்லாமலே மின்தூக்கியில் ஏறி நகரத்தையும் பூங்காவையும் ஒருசேரப் பார்க்கலாம்.

காலும் மனமும் இடம்கொடுத்தால், ஒரே சீட்டில் அன்றே லீஜன் ஆஃப் ஹானரையும் பார்த்துவிடலாம். முதல் உலகப் போரில் இறந்த கலிஃபோர்னியா வீரர்களின் நினைவாக 1924-இல் திறக்கப்பட்ட இது, 1915 பொருட்காட்சியில் பிரான்ஸ் அமைத்திருந்த மண்டபத்தைப் பார்த்து ஆசைப்பட்ட ஆல்மா ஸ்பிரெக்கெல்ஸ் என்ற சீமாட்டி கட்டிக்கொடுத்தது. பிரெஞ்சுச் சிற்பி ரோதானின் சிற்பங்களைப் பெருமளவில் சேர்த்தவரும் அவரே. கன்னத்தில் கை ஊன்றிய அந்தப் புகழ்பெற்ற சிந்தனையாளர் வாசல் முற்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நேரம் இல்லையென்றால் இதைத் தனியாக இன்னொரு நாளைக்கு விட்டுவிடுங்கள், அவசரப்பட்டுப் பார்ப்பதற்கு இது ஏற்ற இடமில்லை.

மூன்றாம் நாள்: கோய்ட் கோபுரமும் சைனாடவுனும்

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போவது என்று யாரேனும் கேட்டால் நான் கை காட்டுவது கோய்ட் கோபுரத்தைத்தான். 210 அடி உயரமுள்ள இந்தக் கோபுரம் 1933-இல் டெலிகிராப் குன்றின் மேல் எழுப்பப்பட்டது. தீயணைப்பு வீரர்கள் மேல் சிறுவயது முதலே பெரும் பிரியம் கொண்டிருந்த லில்லி ஹிட்ச்காக் கோய்ட் என்ற பெண்மணி, நகரத்தை அழகுபடுத்தத் தன் சொத்தில் ஒரு பங்கை எழுதிவைத்துவிட்டு இறந்தார், அந்தப் பணத்தில் கட்டப்பட்டது. நகர மண்டபத்தை வடிவமைத்த ஆர்தர் பிரவுனின் அலுவலகமே இதையும் வடிவமைத்தது. வருகிறவர்களில் பாதிப்பேர் மின்தூக்கிக்குச் சீட்டு வாங்கி, மேலே போய்க் கடலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதோ தரைத்தளத்தில், கட்டணமின்றி, சுற்றிலும் சுவரில் இருக்கிறது.

1934-இல் அரசின் உதவித் திட்டத்தின் கீழ் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஓவியர்கள் வாரக் கூலி வாங்கிக்கொண்டு இந்தச் சுவர்களில் வரைந்தார்கள். பெரும்பாலானவை ஈரச் சுதையின் மேல் தீட்டியவை. சுண்ணாம்பு காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும், காய்ந்தபின் திருத்தம் செய்ய இயலாது. அந்த அவசரத்தின் இறுக்கம் உருவங்களில் தெரிகிறது. கலிஃபோர்னியாவின் வயல்கள், பழத்தோட்டங்கள், இறைச்சிக்கூடம், துறைமுகம் என்று வேலை செய்யும் கைகளே எங்கும். மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேராவின் செல்வாக்கு அவற்றில் வெளிப்படை.

இரண்டு சுவர்களின் முன் நேரம் எடுத்து நில்லுங்கள். விக்டர் அர்னவுடாஃப் வரைந்த நகர வாழ்க்கை ஓவியத்தில் சந்தடி மிகுந்த தெருமுனை ஒன்று இருக்கிறது. எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போக, நடுத்தெருவில் ஒரு கனவானைத் துப்பாக்கி முனையில் நிறுத்திக் கொள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள பத்திரிகைக் கடையில் இடதுசாரி ஏடுகள் தொங்குகின்றன. பெர்னார்ட் சாக்கைம் வரைந்த நூலக ஓவியத்தில், ஒருவர் அலமாரியில் கை நீட்டி எடுப்பது மார்க்ஸின் 'மூலதனம்'. இன்னொருவர் விரித்துப் படிக்கும் செய்தித்தாளில், நியூயார்க்கில் ரிவேராவின் சுவரோவியம் உடைக்கப்பட்ட செய்தி. இந்த ஓவியர்கள் வரைந்து முடித்த அதே கோடையில் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முற்றி, ஜூலை 5 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் இருவர் இறந்தனர். சுவரில் இருந்த அரசியலைக் கண்டு அதிகாரிகள் கலங்கினார்கள். சுத்தியல் அரிவாள் சின்னம் ஒன்று அழிக்கப்பட்டது, கோபுரம் அக்டோபர் வரை பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை. அரசு கொடுத்த கூலியில், அரசின் சுவரிலேயே, அரசுக்குப் பிடிக்காததை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். குன்றின் மேல் வரை 39 ஆம் எண் பேருந்து வருகிறது. இறங்கும்போது கிழக்குப் பக்கம் உள்ள ஃபில்பர்ட் படிக்கட்டில் தோட்டங்களின் நடுவே நடந்து வாருங்கள், ஏறுவதற்கு அந்த வழி வேண்டாம்.

அங்கிருந்து சைனாடவுன் நடந்துபோகும் தூரம். கடைத்தெருவைச் சுற்றுவதோடு நின்றுவிடாமல், வேவர்லி பிளேஸ் என்ற சிறிய தெருவில் உள்ள தின் ஹௌ கோயிலுக்குப் போங்கள். குறுகிய படிக்கட்டில் உச்சித் தளத்துக்கு மூச்சு வாங்க ஏறினால், கடலைக் கடந்து வந்தவர்களைக் காக்கும் தேவதைக்கு ஊதுபத்திப் புகை சூழ ஒரு சன்னதி. 1850-களில் இங்கு வந்திறங்கிய சீனர்கள் ஏற்படுத்திய வழிபாடு அது. உள்ளே படம் எடுக்கக் கூடாது, உண்டியலில் ஒன்றிரண்டு டாலர் போடுவது வழக்கம். குழந்தைகள் உடன் இருந்தால், வாஷிங்டன், மேசன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள கேபிள் கார் அருங்காட்சியகம் இலவசம். தெருக்களின் அடியில் ஓயாமல் மணிக்கு ஒன்பதரை மைல் வேகத்தில் ஓடும் இரும்புக் கயிறுகளை இழுக்கும் ராட்சதச் சக்கரங்கள் அங்கே கண்முன் சுழல்கின்றன.

சைவம் சாப்பிடுவோர் சைனாடவுனில் காய்கறி உணவு என்று மட்டும் சொன்னால் போதாது. சிப்பிச் சாறு ஊற்றாமல் தரச் சொல்ல வேண்டும். அடுத்து வரும் மிஷன் பகுதியின் மெக்சிகோ உணவகங்களிலும், பயறு பன்றிக்கொழுப்பில் வேகவைத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் நாள்: மிஷன் பகுதிச் சுவர்கள்

பார்ட்டில் 24 ஆம் தெரு நிலையத்தில் இறங்கிக் கிழக்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பால்மி சந்து வரும். ஒரே ஒரு தெருத்தொகுதி நீளம்தான். ஆனால் இருபுறமும் வேலிப் பலகைகள், கார் கொட்டகைக் கதவுகள், பின்சுவர்கள் என்று ஒரு சாண் இடம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் இந்த வட்டாரத்துப் பெண் ஓவியர்கள் தொடங்கி வைத்ததை, 1984-இல் ஓர் ஓவியர் கூட்டம் மத்திய அமெரிக்காவின் உள்நாட்டுப் போர்களைப் பற்றிய தொடர் ஓவியங்களாகப் பெருக்கியது. வீட்டு வாடகை ஏறிப் பழைய குடும்பங்கள் வெளியேற்றப்படுவது, எல்லை தாண்டி வருவோரின் துயரம், இறந்தவர்களின் நினைவு என்று இன்றைய செய்திகளும் அங்கே ஏறிக்கொண்டே இருக்கின்றன. இது அருங்காட்சியகம் அன்று, மக்கள் குடியிருக்கும் வீடுகளின் பின்வாசல். கதவைத் திறந்து கார் வெளியே வந்தால் ஒதுங்கி நிற்பதும், சன்னல்களை நோக்கிக் கேமராவைத் திருப்பாமல் இருப்பதும் நம் பொறுப்பு. 1977-இல் தொடங்கப்பட்ட பிரெசிட்டா ஐஸ் என்ற சுவரோவியர் அமைப்பு, ஓவியங்களை விளக்கிக்கொண்டே கூட்டிச்செல்லும் நடைப்பயணங்களை நடத்துகிறது. முதல் முறை அவர்களோடு போவது கொடுத்த காசுக்கு மேல் பயன் தரும்.

அங்கிருந்து 18 ஆம் தெருவுக்கு வந்தால், பெண்களுக்கான சமூக மையமான பெண்கள் கட்டடம் இருக்கிறது. 1994-இல் ஏழு பெண் ஓவியர்கள் சேர்ந்து அதன் இரண்டு பக்கச் சுவர்களையும் கூரை விளிம்பு வரை நிரப்பினார்கள். முதலில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று முழுமையாகப் பாருங்கள். பிறகு தெருவைக் கடந்து சுவரின் அருகில் வாருங்கள். தூரத்திலிருந்து துணியின் மடிப்பும் கரையுமாகத் தெரிந்தவற்றின் ஊடே எழுத்துகள் ஓடுவதும், அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள் அந்த ஓவியத்துக்குள் கோக்கப்பட்டிருப்பதும் அப்போதுதான் புலப்படும். அருகே உள்ள கிளாரியன் சந்தில் 1992 முதல் ஓவியங்கள் வரையப்படுகின்றன. அங்கே கிறுக்கலும் சிறுநீர் நாற்றமும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில தெருக்கள் தள்ளி, 1776-இல் நிறுவப்பட்ட மிஷன் தோலோரஸ் ஆலயம் இருக்கிறது. பச்சைமண் கல்லால் கட்டி 1791-இல் முடித்த அதன் தேவாலயம் 1906-ஐயும் தாங்கி நின்றது, உட்கூரையில் தீட்டியிருக்கும் கோணல்கோடுகள் இம்மண்ணின் பூர்வகுடிகளான ஓலோனி மக்களின் கூடை முடைச்சலைப் பின்பற்றியவை.

மீதமிருப்பவை

மோமாவை நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்திருக்கிறேன். நவீன ஓவியத்தை எடுத்தவுடன் பார்த்தால் இதில் என்ன இருக்கிறது என்ற சலிப்பு வரக்கூடும், சுவரோவியங்களைப் பார்த்துக் கண் பழகிய பிறகு அந்தத் தயக்கம் குறைந்துவிடுகிறது. 1935-இல் தொடங்கிய இது, 2016-இல் விரிவாக்கப்பட்டு ஏழு தளங்களில் கலைப்படைப்புகளைக் காட்டுகிறது. தரைத்தளத்தில் சில படைப்புகளைச் சீட்டு இல்லாமலே காணலாம். பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸ் 1905-இல் வரைந்த தொப்பி அணிந்த பெண்ணின் முகத்தில் பச்சையும் ஊதாவும் ஏன் பூசினார் என்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள், பெரியவர்களைவிட நல்ல பதில் வரும். மெக்சிகோ ஓவியர் பிரீடா காலோ தன்னையும் கணவர் ரிவேராவையும் வரைந்த 1931 ஆம் ஆண்டு ஓவியமும் இந்தத் தொகுப்பில் உள்ளது. ரிவேரா இங்கே சுவரோவிய வேலைக்கு வந்திருந்தபோது வரையப்பட்ட அதில், மேலே ஒரு பறவை ஏந்தியிருக்கும் நாடாவில் சான் பிரான்சிஸ்கோவை அழகிய நகரம் என்று பிரீடா குறித்திருக்கிறார். அவ்வப்போது ஓவியங்கள் வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் போய்விடும் என்பதால், குறிப்பிட்ட ஒன்றுக்காகவே போகிறீர்கள் என்றால் முன்கூட்டி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா அருங்காட்சியகங்களுக்கும் பொதுவான சில நடைமுறைகள் உண்டு. முதுகுப்பையை முன்புறம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள், பெரிய பையை வாசலில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கப் பெரும்பாலும் தடையில்லை. கண்ணாடி இல்லாத ஓவியத்தை விரலால் சுட்டிக் காட்டும்போது நம்மையறியாமல் நெருங்கிவிடுவோம், காவலர் ஓடி வருவார். அவர் கோபித்துக்கொள்வதில்லை, அது அவர் வேலை. அன்றாடம் அந்த அறையிலேயே நிற்கும் அவரிடம் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் சில சமயம் அட்டையில் இல்லாத செய்தி கிடைக்கும். தன்னார்வ வழிகாட்டிகள் குறித்த நேரத்தில் இலவசமாக அழைத்துச் சென்று விளக்குவதும் பல இடங்களில் உண்டு. வந்தவுடன் முகப்பில் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மெரினா பகுதியில் உள்ள நுண்கலை அரண்மனை ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும். 1915 பொருட்காட்சியில் நின்ற கட்டடங்களில் அதன் இடத்திலேயே மிஞ்சியது ஏறத்தாழ இது ஒன்றுதான். அப்போது சில மாதங்கள் நின்றால் போதும் என்று சுதையால் கட்டியது உதிரத் தொடங்கியதால், 1960-களில் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். தூண்களின் உச்சியில் உள்ள பெட்டிகளின் மூலைகளில் பெண்கள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே குனிந்து அழுவதுபோல் நிற்பதைக் கவனியுங்கள்.

கோடை ஞாயிறுகளில் 19 ஆம் அவென்யூவும் ஸ்லோட் சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ள ஸ்டெர்ன் குரோவ் என்ற யூகலிப்டஸ் தோப்பில் இலவசக் கச்சேரிகள் நடக்கின்றன, 1938 முதல் நடந்துவரும் வழக்கம் இது. சிம்பொனி, ஜாஸ், ராக் என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று. இலவசம் என்றாலும் இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும், பதிவு திறந்ததும் இடங்கள் விரைவில் முடிந்துவிடும். சரிவான புல்வெளியில்தான் உட்கார வேண்டும். காலையிலேயே போய் இடம் பிடித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன ஜமக்காளத்தை விரித்து, புளியோதரையைப் பிரித்துவிடலாம், சாப்பாடு கொண்டுவர அங்கே தடையில்லை. மூன்று மணிக்கெல்லாம் மேற்கிலிருந்து பனி இறங்கும், ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள்.